சாம்பல் பூசிய தவளை

காலிதீன் சேர் அந்தச் சோடியைப் பிரித்தபோது, காயத்தில் காய்ந்துபோன பிளாஸ்டரை ஒரே இழுவையில் எடுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

அது சூறாவளிக்கு அடுத்த வருஷம். மாரி மழை தொடங்கிய கிழமை. எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தின் கூரையைச் சூறாவளி கொண்டுபோன பிறகு, ஓடு போடுகிறோம் என்று சொல்லியே காலம் போய்க்கொண்டிருந்தது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிற எங்களுக்கு மிஞ்சிய ஒரே வழி, கல்முனை பஸாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு நடக்கும் சேரின் டியூஷன் வகுப்பு. அறைக்குக் குறுக்கே கம்பி கட்டி, அதில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைத் தொங்க விட்டிருந்தார்கள். முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் நாங்கள். கரும்பலகை ஆண்கள் பக்கம். வெட்டுப் பலகையும் கத்தரியும் ஊசிகளும் சேரிடம் ஒரு செட்தான் இருந்தன. அவர்கள் வெட்டி முடித்த பிறகு அவை எங்கள் பக்கம் வரும்.

அன்று வாளிக்குள் வழக்கமான வயல் தவளைகளோடு வேறு சாதியும் கலந்திருந்தது. வருஷம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து, முதல் பெருமழைக்கு வெளியே வரும் குண்டுத் தவளை. கறுத்த முதுகில் செங்கல் நிறப் பட்டை ஓடும். அதில் ஒரு சோடி, ஆண் மேலும் பெண் கீழுமாக இருந்தது.

"பொம்புளப் புள்ளையள் கொஞ்சம் அங்கால திரும்புங்க" என்றார் சேர்.

திரும்பினேன். பிறகு விரிப்பில் இருந்த கிழிசலால் பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். பெண்ணின் முதுகில் ஐந்து சதக் காசளவு தோல் உரிந்து, ஆணின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு போனது. உரிந்த இடம் சிவப்பாக இருந்தது. சேர் அதைப் பார்த்தார். "பழுதான தவளை" என்று சொல்லி, இரண்டையும் யன்னலால் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தார்.

என் கோபம் தவளைக்காகவா, திரும்பச் சொன்னதற்காகவா என்று டயறியில் எழுதப் பார்த்தேன். இரண்டையும் எழுதினேன். இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். ஒன்று மட்டும் கேள்விக்குறி இல்லாமல் நின்றது. அந்த ஆணின் கைகள் மிகக் குட்டை. பெண்ணின் பருத்த உடலில் பாதியைக்கூட அவை சுற்றி வரவில்லை. கையால் பிடித்திருந்தால் கையை விலக்கியதும் கழன்றிருக்க வேண்டும். கழன்று வந்தது தோல் அல்லவா?

அடுத்த கிழமைச் சோதனையில் ஒரு கேள்வி வந்தது: இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணைப் பற்றிக்கொள்ள ஆண் தவளைக்கு உதவும் தோல் அமைப்பு யாது? சேர் எதிர்பார்த்த விடை எனக்குத் தெரியும். பெருவிரலில் தடித்து வரும் சொரசொரப்பான திண்டு; அதில் சுரப்பிகள் உண்டு. அதை எழுதினேன். எழுதிவிட்டுப் பேனையை மூடியிருக்கலாம். ஆனால் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தேன்: "குண்டுத் தவளையில் ஆணின் வயிற்றுத் தோலில் உள்ள சுரப்பிகள் பசை போன்ற ஒன்றைச் சுரந்து அதைப் பெண்ணின் முதுகோடு ஒட்டுகின்றன போலும்." அந்தப் "போலும்" என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன்.

சேர் என் விடைத்தாளை ஆண்கள் பக்கம் நின்று உரத்து வாசித்தார்.

"இஞ்ச கேளுங்க, ஸுல்பிகாட புதுக் கண்டுபிடிப்பு. மாப்பிள்ளை பொண்ணக் கையால புடிக்கிறல்லயாம். பசை பூசி ஒட்டுறாராம்."

விரிப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. வகுப்பில் ஒரு வாயாடி இருந்தான், ஹமீட். அவன் சொன்னான்: "அது சரிதானே சேர். எங்கட ஊரு மாப்பிள்ளையும் அப்பிடித்தான். பொண்ணு ஊட்டுக்குப் போனா ஒட்டினதுதான், பிறகு கழட்ட ஏலுமா?"

அவர்கள் இன்னும் சிரித்தார்கள். எங்கள் பக்கம், என் அருகில் இருக்கும் அஸீஸாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சேர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"திரும்பி இரிக்கச் சொன்னன். ஆரு இதெல்லாம் பாக்கச் சொன்ன? வெக்கம் எண்டு ஒண்டு வேணும். இனிமே பொம்புளப் புள்ளையளுக்கு நோட்ஸ் போதும். வெட்டுற வேல வேணாம்."

அவ்வளவுதான். கத்தரி எங்கள் பக்கம் வருவது அன்றோடு நின்றது.

நான் ஏற்கனவே இரண்டு தடவை பரீட்சை எழுதியவள். இரண்டு தடவையும் எழுத்துப் பேப்பரில் குறையில்லை. செய்முறையில்தான் விழுந்தேன். தட்டில் தவளையைத் தந்து நரம்பைக் காட்டச் சொன்னார்கள். காட்டவேண்டிய நரம்பையே வெட்டிவிட்டேன். எனக்கு வேண்டியது பழக்கம். இதற்குப் பிறகு நான்காவது தடவை என்று ஒன்று கிடையாது. கத்தரி இல்லையென்றால் பரீட்சையும் இல்லை.

படியிறங்கும்போது அஸீஸா என் கையைக் கிள்ளினாள். "உனக்கு அந்தக் கடைசி வரிய எழுதாட்டி சோறு செமிக்காதா கா? உன்னால எங்களுக்கும் கத்தரி இல்லாமப் போச்சு."

அவள் சொன்னது சரியோ என்று பயமாக இருந்தது.

எங்களோடு பாண்டிருப்பிலிருந்து வந்து படிக்கும் தங்கேஸ்வரி மட்டும் கேட்டாள்: "நீ கண்டது மெய்யா கா?"

"தெரியா. கிழிசலுக்குள்ளால பாத்தன்."

"அப்ப வடிவாப் பாரன். பாத்திட்டு அந்தாளுக்குக் காட்டு."

நாங்கள் இருந்தது நற்பிட்டிமுனையில். வளவின் வேலி முடிகிற இடத்தில் வயல் தொடங்கும். மழை விட்ட ஒரு பின்னேரம், அந்தி மஹ்ரிப் பாங்குக்கு முன்னரே அங்கே குண்டுத் தவளைகள் கத்தத் தொடங்கிவிட்டன. நான் அப்போது கிணற்றடியில் கெளுத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கைக்கு வராமல் போன கத்தரியை நினைத்தேனோ, சேரின் குரலை நினைத்தேனோ, மீனை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் மீனைச் சட்டியில் போட்டுவிட்டு ஓடினேன். ஒட்டிய சோடி ஒன்று வாய்க்கால் ஓரத்தில் மிதந்தது. இரண்டு கையாலும் அள்ளி, வழுகாமல் இறுக்கிப் பிடித்து, நடந்து வந்து ஒரு பிளாஸ்டிக் பேசின் பாத்திரத்துக்குள் விட்டு மூடினேன்.

மறுநாள் பேசினைத் துணியால் கட்டி வகுப்புக்குக் கொண்டுபோனேன். சேரின் மேசைவரை விரிப்பைத் தாண்டிப் போனது அதுதான் முதல் தடவை. "சேர், பாருங்க" என்று துணியை அவிழ்த்தேன்.

பேசினுக்குள் ஒரு மூலையில் ஆண் இருந்தது. மற்ற மூலையில் பெண் இருந்தது. ஆண் அதன் மேல் ஏறப் பார்த்தது, வழுகி விழுந்தது. திரும்ப ஏறியது. திரும்ப விழுந்தது.

"பசை காஞ்சு போயிட்டு போல" என்றான் ஹமீட்.

சேர் சிரிக்கவில்லை. அதைவிட மோசமாக, என்மேல் இரக்கப்பட்டார். "பிள்ள, நீங்க போய் இரிங்க. எல்லாருக்கும் எல்லாம் வராது."

வீட்டுக்கு வந்து பேசினை வேலியோரம் எறியத் தூக்கினேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் எனக்கு மூக்குத்தான் முதலில் அடைக்கும். நான் கண்டது பொய். கிழிசலுக்குள்ளால் பார்த்து, இல்லாததை எழுதி, மற்றப் பெண்களின் கத்தரியையும் பறித்துவிட்டேன். அன்று டயறியில் எழுதியது இவ்வளவுதான்: "நான் கவனமில்லாதவள்."

அடுத்த நாள் உம்மா மீன் சட்டியை என் முன்னால் வைத்தா. அடுப்புச் சாம்பலை ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருப்பா. எங்கள் பக்கத்தில் கெளுத்தி கழுவுவது சாம்பலால்தான். வெறும் கையில் அது நிற்காது. டின்னுக்குள் கைவிட்டு, மீனின் வயிற்றை அழுத்தித் தேய்த்தேன். சளி திரண்டு, சாம்பலோடு சேர்ந்து, அழுக்குப் புழுப்போல உருண்டு விழுந்தது. மீன் கையில் அசையாமல் நின்றது.

என் கையைப் பார்த்தேன். அன்றைக்கும் இதே கைதான். சாம்பல் படிந்த இதே கையால்தான், ஆணின் வயிற்றுக்கடியில் விரல் கொடுத்து, சோடியை அள்ளி இறுக்கிப் பிடித்தேன். மீனுக்குச் செய்ததைத் தவளைக்கும் செய்துவிட்டேன்.

"என்ன, மீனப் பாத்து முழிக்கிற?" என்றா உம்மா.

"உம்மா, சாம்பல் போட்டாச் சளி போகும்தானே?"

"இதுக்குத்தான் வாப்பா உன்னப் படிக்க வச்ச?"

ஆனால் நினைப்பது போதாது. ஒருதரம் நினைத்துத்தான் அவமானப்பட்டேன். சனிக்கிழமை தங்கேஸ்வரியை வரச் சொன்னேன். வெள்ளி பின்னேரம் இரண்டு சோடி பிடித்தேன். இந்த முறை சவர்க்காரம் போட்டுக் கழுவி, அலசிய கையால், வாழையிலையில் ஏந்தி. சனி காலை பார்த்தபோது ஒரு பேசினில் தண்ணீர்மேல் முட்டைகள் ஆடைபோல் படர்ந்திருந்தன. இரண்டு சோடியும் தானாகவே பிரிந்திருந்தன. பெண்ணின் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

அதைக் கண்டதும்தான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. ஒரு காலை. சேர் அடுத்த காலைவரை பொறுத்திருந்தால் போதும். எங்களைத் திரும்பச் சொன்ன அவசரத்தில்தான் அந்தத் தோல் உரிந்தது. அவருடைய வெட்கத்துக்கு விலை கொடுத்தது அந்தத் தவளை. பழுது என்று பெயர் வாங்கியதும் அதுதான்.

தங்கேஸ்வரி பாவாடையை ஒடுக்கிக்கொண்டு குந்தினாள். "இப்ப என்ன செய்யிற?"

"ஆணிண்ட வயித்தத் தொட்டுப் பாரு."

தொட்டாள். விரலை எடுத்தபோது மெல்லிய நூல்போல ஒன்று இழுபட்டு வந்தது. "சீ! பலாப்பால் மாதிரி!"

"பெண்ணிண்ட முதுகும் ஒட்டுது, பாத்தியா? புடிக்கக்குள்ள வெள்ளையா ஒண்டு கசியுது. அதுதான் எனக்குக் குழப்பம். எது ஒட்டுற? வயிறா, முதுகா?"

அதற்குத்தான் சாம்பல். முதலில் பெண்ணின் முதுகைச் சாம்பலால் மெதுவாகத் துடைத்து நன்றாக அலசினோம். ஆணை மேலே வைத்தோம். பற்றிக்கொண்டது. தங்கேஸ்வரி எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, ஆணின் கைகளை ஈர்க்கால் விலக்கியும் அது கழலவில்லை. பிறகு மற்ற ஆணை எடுத்து, அதன் வயிற்றுக்குச் சாம்பல் பூசி அலசினோம். அது மற்றப் பெண்ணின் மேல் ஏறியது, வழுகியது, ஏறியது, வழுகியது. சேரின் மேசையில் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது.

"அப்ப வயிறுதான்" என்றாள் தங்கேஸ்வரி.

"அந்த ஆணுக்குக் களைப்பாவும் இரிக்கலாம்."

"ஐயோ, உன்னோட ஏலாது!"

பின்னேரம்வரை விட்டு, பிரிந்ததும் ஆண்களை மாற்றிப் பார்த்தோம். முன்பு ஒட்டியதற்கு இப்போது சாம்பல், அதுவும் வழுகியது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வயல் தவளையும் பிடித்தோம். அதன் பெருவிரல் திண்டு உப்புத்தாள் மாதிரிச் சொரசொரத்தது. அதன் வயிற்றில் பசை கிடையாது. நீண்ட கைகளே போதும். சேரின் நோட்ஸ் அந்தத் தவளைக்குச் சரி. குண்டுத் தவளை அந்த நோட்ஸுக்குள் இல்லை.

உம்மா எட்டிப் பார்த்தா. "ஊருலகத்தில தனக்குச் சம்மந்தம் பாப்பாங்க. இவள் தவளைக்குப் பாக்கிறாள்."

திங்கட்கிழமை, வகுப்புக்கு முன் படியடியில் சேரைப் பிடித்தேன். அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்: சாம்பல், வயிறு, முதுகு, மாற்றிப் பார்த்தது. அவர் பம்பை நிறுத்தவில்லை. "ம்" என்றார். சில்லை அமுக்கிப் பார்த்தார். இன்னொரு "ம்". எழும்பி மேலே போய்விட்டார்.

அன்று ஆண்கள் பக்கம் வாளி வந்திருந்தது. எங்களுக்கு நோட்ஸ். விரிப்புக்கு அப்பால் சேரின் குரல் நிறுத்தி நிறுத்திச் சொன்னது:

"எழுதுங்க. சில தவளைகளில்... ஆணின் கைகள் குட்டையாக இருப்பதால்... பெண்ணின் முதுகுத் தோலில் உள்ள சுரப்பிகள்... ஒட்டும் பொருளைச் சுரந்து... ஆணைத் தம்மோடு ஒட்டிக்கொள்கின்றன. இது நான் அவதானித்தது. புத்தகத்தில இல்ல, கவனமா எழுதுங்க."

தங்கேஸ்வரியின் பேனை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். அஸீஸாவும் பார்த்தாள்.

எனக்குக் காது சூடாகியது. அவர் எடுத்துக்கொண்டார். எடுத்ததைக்கூடச் சரியாக எடுக்கவில்லை. என் சொல்லைக் கேட்காமலே என் சொல்லைச் சொல்கிறார். அன்று தான் கிழித்த தவளையின் முதுகில் வெள்ளையாக எதையோ கண்டிருப்பார். அதையும் இதையும் சேர்த்துவிட்டார். ஒருவேளை நான்தான் குழப்பமாகச் சொன்னேனோ? படியடியில் நின்று நான் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வயிறு என்றுதான் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

"பிழை, சேர்."

குரல் என்னுடையதுதான். விரிப்புக்கு அந்தப் பக்கம் பேனைகள் நின்றன.

"ஆரு அது?"

"ஸுல்பிகா. முதுகு இல்ல சேர். ஆணிண்ட வயிறு. படியடியில சொன்னன்."

ஒருவன் மெல்லச் சிரித்தான். சேரின் குரலில் சூடேறியது. "அப்பிடியா? அப்ப வந்து காட்டுங்க. அண்டைக்குக் காட்டினது போதாது."

எழும்பினேன். விரிப்பை விலக்கினேன். மேசைவரை போனேன்.

"சாம்பல் வேணும்" என்றேன்.

"சாம்பலா? மீன் ஆயப் போறீங்களா?" என்றான் ஹமீட். ஆனால் அவனே இறங்கிப் போய், கீழே தேத்தண்ணிக் கடை அடுப்பிலிருந்து ஒரு கடதாசியில் அள்ளிக்கொண்டு வந்தான்.

வாளிக்குள் குண்டுத் தவளைகள் தனித்தனியாக இருந்தன. தொண்டை கறுத்த ஒரு ஆணை எடுத்தேன். கொப்பித் தாளில் ஒரு துண்டு கிழித்து, அதன் வயிற்றில் வைத்து அமுக்கினேன். தவளையைக் கவிழ்த்தேன். தாள் விழவில்லை. ஊதினேன். விழவில்லை. பெண் ஒன்றை எடுத்து, முதுகைத் துடைக்காமலே, ஆணின் வயிற்றிலிருந்த அதே தாளோடு சேர்த்து அமுக்கினேன். தாள் முதுகில் நிற்காமல் ஆணோடு வந்தது. பிறகு ஆணின் வயிற்றுக்குச் சாம்பல் பூசி, தண்ணீரில் அலசி, புதுத் துண்டு வைத்தேன். கவிழ்த்தேன். துண்டு மேசையில் விழுந்தது.

எல்லாரும் அந்தத் துண்டையே பார்த்தார்கள்.

"திரும்பவும் செய்யட்டா? ஒரு தவளையில சரி வந்தாப் போதாது" என்றேன்.

"வேணாம்" என்றார் சேர். விழுந்த தாளை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, கசக்கினார். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார். "முதுகு எண்டதை வெட்டுங்க. ஆணின் வயிற்றுத் தோல் எண்டு எழுதுங்க."

பேனைகள் கீறின. ஹமீட் தலையைத் தூக்கினான். "சேர், கீழ 'நான் அவதானித்தது' எண்டு இரிக்கே. அதையும் வெட்டுறதா? ஆருட பேர எழுதுற?"

"உனக்கு வாய் கூடப்போச்சு. எழுதுடா." சேர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க இடத்துக்குப் போங்க."

நான் போகவில்லை. கத்தரி மேசையில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"எங்களுக்கும் கத்தரி வேணும், சேர். எனக்கு இது கடைசித் தடவை."

பின்னால் விரிப்பின் வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம். தங்கேஸ்வரி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால், முகத்தைச் சுளித்துக்கொண்டு, அஸீஸா. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சேர் கரும்பலகையை அழித்தார். அழித்த இடத்தையே திரும்ப அழித்தார்.

"நாளைக்கு" என்றார் கடைசியில். "ஆம்புளப் புள்ளையள் முடிச்ச பிறகு இல்ல. முதல் நீங்க. பிந்தாம வாங்க."

எனக்குச் சந்தோசம் வந்தது. எனக்குச் சொந்தமான ஒன்றைத் திருப்பித் தந்ததற்குச் சந்தோசப்படுகிறேனே என்று அந்தச் சந்தோசத்தின் மேலும் கோபம் வந்தது. அவர் பிழையென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண்களின் கொப்பிகளில் "நான்" என்பது அவராகவே கிடந்தது. கானுக்குள் விழுந்த சோடியைப் பற்றி எவரும் பேசவில்லை.

படியடியில் அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கடக்கும்போது, சில்லைப் பார்த்தபடியே சொன்னார்: "வரக்குள்ள அந்தச் சாம்பல் கொஞ்சம் கொண்டு வாங்க. புடிக்கக்குள்ள தவளை வழுகாது, வகுப்புக்கு உதவும்."

"ஓம் சேர்" என்றேன். ஏன் அவ்வளவு கெதியாகச் சொன்னேன் என்று வீடு வரும்வரை பல்லைக் கடித்தேன்.

அடுத்த நாள் அஸருக்கு முன் அடுப்பைக் கிளறி, கட்டியில்லாமல் அரித்து, உம்மாவின் டின்னில் சாம்பல் போட்டேன். மூடியைத் திறந்து பார்த்தேன். முழு வகுப்புக்கும் அது போதும். பாதியை அடுப்பிலேயே திருப்பிக் கொட்டினேன். திரும்பவும் பார்த்தேன். எங்கள் பக்கத்துக்கு மட்டும் போதுமான அளவு இருந்தது. மூடியை இறுக்கினேன்.